திறந்த கேட்டின் முன்னும் இறங்குவோம்

விடியற்காலை நான்கரை மணிக்கு ஒருவர் மிதிவண்டியைத் தெருவில் இறக்கினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பர்? பால் வாங்கப் போகிறார் என்று நினைப்பர். அல்லது வீட்டில் எவருக்கோ உடல்நலம் இல்லை என்று அஞ்சுவர். “சிதம்பரம் வரை போய்த் திரும்புகிறோம்” என்று நாம் முதன்முதலில் கூறியபோது எதிர்வீட்டு முதியவர், “ஏன் தம்பி, பஸ் ஓடவில்லையா?” என்று மெய்யான அக்கறையுடன் கேட்டார். பேருந்து ஓடுகிறது, சட்டைப் பையில் காசும் இருக்கிறது, ஆயினும் மிதிவண்டியில் போகிறோம் என்பதை அவருக்கு விளங்க வைக்க நம்மால் இன்றளவும் இயலவில்லை. வாசக அன்பர்களுக்காவது விளக்க இம்மாதம் முயல்கிறோம். விளக்கப் புகுந்த இடத்தில் நமது குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமது மிதிவண்டி நெடுஞ்சாலைப் பயணத்திற்கென்றே அமைந்தது. கைப்பிடி ஆட்டுக்கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் மிக மெல்லியது. நாம் சிறுவயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய கனத்த வண்டியின் எடையில் இது ஏறக்குறையப் பாதிதான். போட்டிகளில் நாம் கலந்துகொள்வதில்லை. பரிசு எதுவும் நம் வீட்டு அலமாரியில் இல்லை. அலுவலகம், குடும்பம், பங்குக் காரியங்கள் ஆகியவற்றுக்கிடையே மீந்த நேரத்தில் மிதிக்கின்ற எளிய ஆர்வலர் நாம். ஆயினும் இந்த ஆர்வம் ஒரு நோன்பைப்போல் நம் வாழ்க்கையை ஒழுங்குபடுத்துகிறது. முதல்நாள் இரவே டயருக்குக் காற்றடிக்க வேண்டும். செயினைத் துடைத்துச் சில துளி எண்ணெய் இட வேண்டும். மாற்று டியூபையும் பஞ்சர் ஒட்டும் பொருள்களையும் இருக்கைக்கடியிலுள்ள பைக்குள் வைக்க வேண்டும். முன்விளக்கும் பின்னால் செவ்விளக்கும் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாழைப்பழம், நான்கு கடலை மிட்டாய், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு இவையே கட்டுச்சோறு. சாற்றைக் கலந்து வைப்பவர் நம் இல்லத்தரசியார். “பார்த்துப் போய் வாருங்கள்” என்று அவர் சொல்லும் சொல்லின் கனத்தை நெடுநாள் நாம் உணர்ந்தோமில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் சற்றேறக்குறைய 45 கிலோமீட்டர். போக வர 90. முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள், அப்பால் செம்மங்குப்பம், பின்னர் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று தெற்கு நோக்கிச் சாலை நீள்கிறது. வங்கக்கடல் கிழக்கே தொலைவில் இல்லை. காலையில் நிலக்காற்று மேற்கிலிருந்து வரும். வெயில் ஏறிய பின் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். சாலையோ வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஆகையால் போகும்போதும் திரும்பும்போதும் வலது விலாவிலேயே காற்று மோதும். அக்கினி நட்சத்திர நாட்களில் எட்டரை மணிக்குள் வீடு திரும்பாவிடில் தார்ச்சாலையின் அனல் முகத்தில் அடிக்கும். கார்த்திகை மழையில் முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு வாய்க்குள்ளும் போகும். இத்தனைக்கும் பிறகு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சட்டையில் உப்புப் பூத்திருப்பதைக் காணும்போது உள்ளத்தில் எழும் அமைதியை வேறு எதுவும் தந்ததில்லை. இதுதான் எதிர்வீட்டு முதியவருக்கு நாம் சொல்லத் தெரியாமல் நின்ற விடை.

இச்சாலையில் நாம் தனியே போவதில்லை. இரவு முறை வேலை முடிந்து திரும்பும் தொழிலாளர், பால்காரர், கட்டட வேலைக்குச் செல்வோர் ஆகிய அனைவரும் மிதிவண்டியில் வருகின்றனர். 2001ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தினால் வண்டி பெற்ற மாணவ மாணவியரும் வருகின்றனர். நமக்கு இது விருப்பம். அவர்களுக்கு இது பிழைப்பு. நம் வண்டியில் இரண்டு விளக்கு. அவர்களுள் பலர் வண்டியில் ஒன்றுமில்லை. லாரி உரசிச் செல்லும்போது மட்டும் அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. இரும்புக் கூண்டு எதுவும் சூழாத உடம்போடு செல்பவர்கள் நாம் எல்லோரும்.

இனி, குற்றத்திற்கு வருவோம்.

நெடுஞ்சாலை இரைச்சலுக்கு ஒதுங்கி ஊர்ச்சாலைகளில் செல்வது நம் வழக்கம். அச்சாலைகள் இருப்புப்பாதையை ஆங்காங்கே குறுக்கிட்டுச் செல்லும். நமது கைப்பிடியில் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. சென்ற தூரத்தையும் சராசரி வேகத்தையும் அது காட்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற சராசரியை எட்டிவிட்டால் நமக்குப் பெருமிதம். நின்றால் சராசரி குறையும். ஆகவே சிவப்பு விளக்கும் குறுக்கே வரும் மாடும் மூடிய ரயில்வே கேட்டும் நமக்குப் பகையாகத் தோன்றத் தொடங்கின.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு ஞாயிறு. காலைத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டது. கேட் மூடியிருந்தது. இருபுறமும் நோக்கினோம், ரயிலைக் காணோம். மிதிவண்டியைச் சாய்த்துக் கம்பத்தின் அடியில் நுழைத்து, நாமும் குனிந்து நுழைந்து, மறுபுறம் ஏறிப் போனோம். கோவிலுக்குத்தானே விரைகிறோம் என்ற நல்ல காரணம் ஒன்று மனச்சாட்சிக்குத் தயாராக இருந்தது. சற்றுத் தூரம் சென்று திரும்பிப் பார்த்தபோது நமக்குச் சொரேரென்றது. பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டருகே பொறுமையாக நின்றிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், நம்மைப் பார்த்துவிட்டு, அதே கம்பத்தின் அடியில் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். கேன் கம்பத்தில் சிக்கிக்கொண்டது. அவன் இழுத்தான், மீண்டும் இழுத்தான், விடுபட்டு இப்பால் வந்தான். அதன் பின்னரே ரயில் வந்தது. அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. அன்று திருப்பலியில் நாம் முழந்தாளிட்டிருந்தபோதும் அந்தக் கேன் கம்பத்தில் மோதிய ஓசையே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆயினும் மனிதமனம் விந்தையானது. சில வாரங்களில் அதை மறந்தோம். மூடிய கேட்டில் நுழைவதை மட்டும் விட்டோம். திறந்த கேட்டை முன்போலவே வேகம் குறையாமல் கடந்துகொண்டிருந்தோம்.

2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலையில், கடலூருக்கும் ஆலப்பாக்கத்திற்கும் இடையே, இதே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பயணிகள் ரயில் ஒரு பள்ளி வாகனத்தின்மீது மோதியது. பள்ளிக்குப் புறப்பட்ட மாணவர் மூவர் உயிரிழந்தனர். புத்தகப் பைகள் தண்டவாளத்தருகே சிதறிக் கிடந்தன. யார்மீது எவ்வளவு தவறு என்று தீர்ப்பிடுவது நமது வேலையன்று. அதற்கு அதிகாரிகளும் நீதிமன்றங்களும் உள்ளனர். நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறொரு வினா: அங்கே நாம் என்றேனும் நின்று பார்த்ததுண்டா?

அகலப்பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் 2019ஆம் ஆண்டு சனவரி முடிவுக்குள் நீக்கப்பட்டுவிட்டன. அதனால் நம் மக்கள் மனத்தில், ‘கேட்டில் ஆள் இருக்கிறார்; கேட் திறந்திருக்கிறது; ஆகவே ரயில் வராது’ என்ற உறுதி வேரூன்றிவிட்டது. செம்மங்குப்பத்திலும் ஆள் இருந்தார். ஆனால் கேட்டுகள் இருவகை என்பதைப் பலர் அறியார். சிக்னலோடு இணைக்கப்பட்ட கேட்டில், கம்பம் இறங்கிப் பூட்டப்பட்டால் அன்றி ரயிலுக்குப் பச்சை விளக்கு விழாது. மனிதர் மறந்தாலும் பொறி தடுக்கும். இணைக்கப்படாத கேட்டிலோ நிலைய அதிகாரியும் கேட் காப்பாளரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் சொல்லை நம்பியே எல்லாம் நடைபெறும். விபத்து நேர்ந்தபோது செம்மங்குப்பம் கேட் இணைக்கப்படாத வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அதன்பின் கேட்டுகளில் கண்காணிப்புக் கேமராக்கள் அமைக்கவும், மேலும் பல கேட்டுகளைச் சிக்னலோடு இணைக்கவும் ரயில்வே துறை ஆணையிட்டது. நல்லதே. ஆனால் சாலையில் செல்கின்ற நம் கண்ணுக்கு இருவகைக் கேட்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கும். நாம் பத்து எண்ணுவதற்குள் 280 மீட்டர் வந்துவிடும். ஓட்டுநர் பிரேக்கை முழுதும் பிடித்தாலும் பல நூறு மீட்டர் ஓடிய பின்னரே அது நிற்கும். மிதிவண்டிக்காரருக்கு இன்னொரு கண்ணியும் அங்கே உண்டு. தண்டவாளத்தை ஒட்டி, ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்கென்று விடப்பட்ட பள்ளம் மெல்லிய டயர் இறங்கும் அளவிற்கு அகலமானது. சாய்வாகக் கடப்பவரின் முன்சக்கரம் அதில் மாட்டும். மழை நாளில் ஈர இரும்பு வழுக்கும். நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும்; இறங்கித் தள்ளிக் கடப்பது அதனினும் மேல்.

ஆளில்லாக் கடவை அடையும் மோட்டார் வாகன ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, உடன் வருபவரை இறக்கி, இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பின்னரே கடக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு கூறுகிறது. ஆள் உள்ள கேட்டிற்கும் மிதிவண்டிக்கும் அச்சட்டம் பொருந்தாது. ஆயினும் சட்டம் கேளாததை அன்பு கேட்கலாம் அன்றோ?

இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கருகே கிசாலோ என்னும் குன்றின்மேல் மாதாவின் சிற்றாலயம் ஒன்று உள்ளது. மிதிவண்டி வீரர்கள் மூச்சிரைக்க அக்குன்றேறி அங்கே நின்று செபிப்பது வழக்கம். 1949ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், கிசாலோ அன்னையை மிதிவண்டி ஓட்டுநர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆலயச் சுவர்களில் புகழ்பெற்ற வீரர்களின் மிதிவண்டிகள் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று வெற்றி பெற்ற வண்டியன்று. 1995ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பெரும்போட்டியில், மலையிறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ காசர்தெல்லியின் நெளிந்த வண்டி அது. பார்சலோனா ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்றவர் அவர். இறந்தபோது வயது 24. வென்றவர் வண்டிகளோடு விழுந்தவர் வண்டியையும் அங்கே வைத்திருப்பது, அன்னையிடம் வருவோர் எல்லோரும் வீடு திரும்ப வேண்டியவர்கள் என்பதை நினைவூட்டுகிறது.

நெடுந்தூரப் பயணக் கலையும் இதையே கற்பிக்கிறது. பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர் சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர் பயணம் 1891ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அதில் நம் நாட்டு ஆர்வலரும் பங்குபெறுகின்றனர். பெரும்பாலோருக்கு 90 மணிநேரம் எல்லை. முதலிடம், இரண்டாமிடம் என்ற பரிசு இல்லை. வழியிலுள்ள சாவடிகளில் நின்று அட்டையில் முத்திரை பெற வேண்டும். நில்லாமல் போனவருடைய பயணம் கணக்கில் சேராது.

இப்போது நாம் எந்தக் கேட்டிற்கு முன்னும், அது திறந்திருந்தாலும், இறங்குகிறோம். இருபுறமும் பார்க்கிறோம், காது கொடுக்கிறோம், தள்ளிக் கடக்கிறோம். ஒருநாள் புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் ஒருவர், “கேட்டு தொறந்துதானே கெடக்கு, ஏன் தம்பி எறங்குறீங்க?” என்றார். “பழக்கமாகட்டும் என்றுதான், ஐயா” என்றோம். அவர் சிறிது நேரம் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். “அன்னிக்கும் தொறந்துதான் கெடந்துச்சுன்னு சொன்னாங்க” என்று மெல்லச் சொல்லிவிட்டு, தாமும் இருபுறமும் பார்த்துக் கடந்தார்.

கணக்கை விரும்பும் வாசகருக்காக ஒன்று கூறுவோம். 90 கிலோமீட்டர் பயணத்தில் இரண்டு கேட்டுகளில் ஒவ்வொரு நிமிடம் நின்றால் நமது சராசரி வேகம் 25இலிருந்து 24.8ஆகக் குறைகிறது. இவ்வளவுதான் இழப்பு. இதற்காகவா அந்தச் சிறுவனைக் கம்பத்தினடியில் அழைத்தோம் என்று நாணுகிறோம்.

பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கிக் கொடுங்கள், ஓட்டவும் பழக்குங்கள். அதனோடு நிற்கவும் பழக்குங்கள். ஞாயிறன்று குடும்பத்தோடு கோவிலுக்குச் செல்கையில் வழியில் கேட் இருந்தால், வண்டியை நிறுத்தி, பிள்ளைகளையே இருபுறமும் பார்க்கச் சொல்லுங்கள். நேரமாகிவிட்டதென்றால் அடுத்த வாரம் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். நமக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிறுவன் பால் கேனோடு நின்று, நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.