சம்மதம் முன்னா, பின்னா?

ஒடிஸாவில் நியமகிரி மலைவாசிகளான டோங்க்ரியா கோந்த் ஜனங்கள் 2013-ம் வருஷத்தில் செய்த காரியத்தைத் தேசாபிமானிகள் மறந்திருக்கமாட்டார்கள். அம்மலையுச்சியில் பாக்ஸைட் வெட்டியெடுக்கத் திட்டமிடப்பட்டிருந்தது. அதை நம்பி, மலையடிவாரத்து லாஞ்சிகரில் வேதாந்தா கம்பெனியார், சுரங்கத்துக்கு இறுதி அனுமதி கிடைக்குமுன்னரே அலுமினா ஆலையையும் கட்டி முடித்துவிட்டனர். ஆலை எழும்பிவிட்டால் மலை எங்கே போய்விடும் என்ற தைரியம் போலும்! அவ்வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், மலைவாசிகளின் வனவுரிமையையும் வழிபாட்டுரிமையையும் பற்றிக் கிராம சபைகள் முதலில் தீர்மானிக்க வேண்டும், அதன் பிறகே மத்திய சர்க்கார் முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். 12 கிராமங்கள் கூடின. பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாமென்றன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்காரும் அனுமதி மறுத்தது.

'முதலில்' என்ற அச்சொல்லிலேதான் ஏழைகளின் உரிமை முழுதும் அடங்கியிருக்கிறது. 2006-ம் வருஷத்து வனவுரிமைச் சட்டத்தை அனுசரித்து, கிராம சபையின் சம்மதமின்றிக் காட்டைப் பிற காரியத்துக்குக் கேட்கலாகாதென்று சுற்றுச்சூழல் இலாகாவே 2009 ஆகஸ்டு 3-ந் தேதி உத்தரவிட்டிருந்தது. 2022-ல் வகுத்த வனப் பாதுகாப்பு விதிகளோ இம்முறையைப் புரட்டிவிட்டன. மத்திய சர்க்கார் தன் இறுதி அனுமதியை அளித்துவிடலாமாம். உரிமைகளைத் தீர்ப்பது அதன் பின்னர் மாநில சர்க்காரின் பொறுப்பாம். பழங்குடிகளின் தேசியக் கமிஷன் இவ்விதிகளை நிறுத்திவைக்கும்படி கேட்டும் பயனில்லை. 2023-ல் வந்த விதிகளும் இவ்வேற்பாட்டையே தொடர்ந்தன.

உரிமை பறிபோகவில்லை, கட்டம்தான் மாறியது என்கிறார்கள் அதிகாரிகள். சட்டமறிந்தவர் இவ்வாதத்தை ஒப்பார். இறுதி அனுமதிக்கு முன்பே கம்பெனி காட்டின் மதிப்புக்கும் மாற்றுக் காடு வளர்ப்பதற்கும் பணம் கட்டிவிடுகிறது. பணம் கட்டி, டில்லியின் முத்திரையும் பெற்றுவந்த திட்டத்தை, அதனால் வருமானம் எதிர்பார்க்கும் மாநில சர்க்கார், ஒரு மலைக்கிராமத்தாரின் சொல்லைக் கேட்டுத் திருப்பியனுப்புமா? கிரயம் பதிவான பிறகு நிலத்துக்குடையவனைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்பதை எந்த நியாயஸ்தலம் சம்மதமென்று ஏற்கும்? மேலும், பார்லிமெண்டு இயற்றிய ஒரு சட்டத்தின் பயனை, வேறொரு சட்டத்தின் கீழ் இலாகா எழுதிய விதி குறைக்கலாகாது.

நாட்டுக்குக் கனிப்பொருள் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதைக் கிராமத்தாரிடம் முன்னதாகவே சொல்லி, கேட்டுப் பெறட்டும். கிராம சபையின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாத எந்த மனுவையும் மத்திய சர்க்கார் பரிசீலிக்கக்கூடாதென்று விதிகளைத் திருத்தும்படி பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வற்புறுத்த வேண்டும்.