கள்வர் பார்த்த பஞ்சாங்கம்

கணினிக் களவு என்றவுடன் யந்திர நுட்பத்தையே எண்ணி மலைக்கிறோம். சமூகவியலாரோ வேறொன்றை நோக்குவர். களவுக்கு மனங்கொண்டவன், கைக்கெட்டும் பொருள், காவலின்மை இம்மூன்றும் ஒருங்கே கூடும்போது குற்றம் நிகழும் என்று 1979இல் கோஹன், ஃபெல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எழுதினர்.

2016 பெப்ரவரி 4, வியாழன் இரவு. வங்காளதேச மத்திய வங்கியின் பெயரால் நியூயோர்க்குக்குப் பொய்க் கட்டளைகள் சென்றன. வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. சனியும் ஞாயிறும் நியூயோர்க்கில். திங்களோ மணிலாவில் சீனப் புத்தாண்டு. கள்வர் பஞ்சாங்கம் பார்த்தே புறப்பட்டனர் போலும்! 8 கோடியே 10 இலட்சம் டொலர் மணிலாவுக்குப் போயிற்று.

இலங்கைக்கென அனுப்பிய 2 கோடி டொலர் மட்டும் தப்பியது. பெறுவோர் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் பிழையாயிருக்கக் கண்டு, இடைவழி வங்கியார் ஐயுற்று விளக்கம் கேட்டனர்.