கொஞ்சம் ஊதுங்க சார்!

பால்கனி கிராதியோ, ஏ.சி.யின் வெளிப்பெட்டியோ, கூடத்து ஊஞ்சலோ, எதைக் கான்க்ரீட்டில் மாட்டவேண்டும் என்றாலும் இப்போதெல்லாம் 'கெமிக்கல் போட்டுடலாம் சார்' என்கிறார்கள். ரசவாதம் ஒன்றுமில்லை. டிரில்லால் ஓட்டை போட்டு, இரண்டு சமாசாரம் கலந்த பசையை நிரப்பி, மரை போட்ட கம்பியைச் சொருகுவது. பசை இறுகியதும் கம்பியும் கான்க்ரீட்டும் பிரியாத தம்பதி.

இந்தக் கல்யாணத்துக்கு முதல் எதிரி தூசு. ஓட்டைக்குள் சிமெண்ட் மாவு அப்பியிருந்தால் பசை மாவைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரை அல்ல. எங்கள் தெருவில் ஊஞ்சல் மாட்டுவதை வேடிக்கை பார்த்தேன். வாயால் 'உஃப்' என்று ஒரே ஊது. பாதி மாவு கண்ணில், மீதி ஓட்டையிலேயே. முறைப்படி, பம்ப்பால் அடிவரை ஊதி, கம்பி பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதவேண்டும். எத்தனை தடவை என்று பசையோடு வரும் காகிதத்தில் இருக்கும் (யார் படிக்கிறார்கள்?). பசையை முதலில் கொஞ்சம் வெளியே பிதுக்கி, நிறம் ஒரே சீராக வந்தபின் ஓட்டையின் அடியிலிருந்து நிரப்பவேண்டும். கம்பியைத் திருகிக்கொண்டே செருகிவிட்டு, சொன்ன நேரம்வரை தொடக்கூடாது. 'புடிச்சுருச்சா?' என்று ஆட்டிப் பார்க்கும் நமக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

தலைக்கு மேல் தொங்கும் கனத்துக்கு இதுவும் போதாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கான்க்ரீட் கூரைப் பலகைகளை இப்படி எப்பாக்ஸி பசையை நம்பித்தான் தொங்கவிட்டார்கள். 1999-ல், கட்டும்போதே சில கம்பிகள் லேசாகக் கீழே இறங்கியிருந்தன. மறுபடி பொருத்தி, இழுத்துப் பார்த்து, 'ஓகே' என்றுவிட்டார்கள். 2006 ஜூலை 10 இரவு சுமார் 26 டன் கூரை, போய்க்கொண்டிருந்த ஒரு காரின்மேல் விழுந்தது. உள்ளே இருந்த பெண் இறந்துபோனார்.

விசாரணையில் தெரிந்தது: போட்டது சீக்கிரம் இறுகும் ரகப் பசை. கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தால் சிங்கம். வருஷக்கணக்கில் தொங்கவிட்டால் ஜவ்வு மிட்டாய். மெல்ல மெல்ல நழுவும்.

ஆகவே ஊஞ்சல் மாட்ட வருபவரிடம் நான் கேட்கச் சொல்வது இரண்டு. ஓட்டையைச் சுத்தம் பண்ணியாச்சா? நிரந்தரமாகத் தொங்கும் பாரத்துக்கென்று சோதித்த பசைதானா? அப்புறம் என்றைக்காவது கம்பி ஒரு நூல் இறங்கினாலும், திரும்ப ஒட்டுவதற்கு முன்னால் ஏன் இறங்கியது என்று கேளுங்கள். பாஸ்டனில் அதைக் கேட்க ஏழு வருஷம் இருந்தது.