முதலில் புழுக்கை, பிறகுதான் பூச்சி மருந்து

"மூணு மாசத்துக்கு ஒரு தரம் பூச்சி மருந்து ஊத்திடுங்க, முயலுக்கு ஒண்ணும் வராது." காரைக்காலில் முயல் வளர்க்கும் எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. குட்டி விற்பவர் சொல்கிறார், ஆடு வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், மருந்துக் கடையிலும் சொல்கிறார்கள். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த யோசனை பல முயல்களைக் காப்பாற்றாமல் போகிறது, சில முயல்களைக் கொன்றும் விடுகிறது. ஆகவே இதில் அடங்கிய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

இந்தப் பேச்சு காரணமில்லாமல் வந்ததல்ல. அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜன் ஆறும் கடலில் கலக்கும் ஈர மண் இது. நெடுங்காட்டிலும் நிரவியிலும் வாய்க்கால் கரையில் மேயும் ஆடு மாடுகளுக்குக் குடற்புழு உண்மையான தொல்லை. இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவும் கல்லீரல் தட்டைப்புழுவும் மழைக்காலத்தில் பெருகும். அவற்றுக்கு மழைக்கு முன்னும் பின்னும் மருந்து கொடுப்பது நியாயமான வழக்கம். தவறு, அந்த ஆட்டுக் கணக்கை அப்படியே கூண்டு முயலுக்கு எழுதியதில்தான் இருக்கிறது.

வாதம் 1: "வயிற்றால் போகிறதா? பூச்சிதான்."

முயலின் குடலில் அதிகம் காணப்படும் புழு பாசலூரஸ் ஆம்பிகுவஸ் என்னும் ஊசிப்புழு. வெள்ளையாக, மெல்லியதாக, ஒரு சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கும். சில நேரம் புழுக்கையின் மேல் நெளிவது கண்ணுக்கே தெரியும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பெருங்கேடு செய்வதில்லை. எண்ணிக்கை மிகுந்தால் ஆசனவாயில் அரிப்பு வரும், குட்டியின் எடை ஏறுவது மந்தப்படும். நேற்றுவரை துள்ளிய குட்டியை இரண்டே நாளில் வயிற்றுப்போக்கால் சாகடிக்கும் வல்லமை அதற்குக் கிடையாது.

அந்த வல்லமை எய்மீரியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கு உண்டு. காக்சிடியா என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். கோழி வளர்ப்பவர்கள் அஞ்சும் இரத்தக்கழிச்சலை உண்டாக்குவதும் இதே குடும்பம். கோழியைத் தாக்கும் இனங்கள் வேறு, முயலைத் தாக்கும் இனங்கள் வேறு. முயலுக்கு மட்டும் பதினொரு இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் எய்மீரியா ஸ்டீடே கல்லீரலின் பித்தக் குழாய்களில் குடியேறும். மற்றவை குடலைத் தாக்கும். தாய்ப்பால் மறக்கும் பருவத்திலிருந்து நான்கு மாதம் வரையான குட்டிகளே இதில் அதிகம் சாகின்றன. கடைகளில் நாம் வாங்கும் குட்டிகளும் அந்த வயதினவைதான். தாயைப் பிரிந்து, வண்டியில் அலைந்து, புதுத் தீனிக்கு மாறிய குட்டி ஒரு வாரத்தில் கழிந்து சாகிறது. வீட்டார் "பூச்சி மருந்து கொடுக்காமல் விட்டோமே" என்று நொந்துகொள்கிறார்கள். கொடுத்திருந்தாலும் அது பிழைத்திருக்காது. அல்பெண்டசோலோ ஐவர்மெக்டினோ காக்சிடியாவை ஒன்றும் செய்யாது. அதற்கு சல்பா வகை, டோல்ட்ராசுரில் போன்ற தனி மருந்துகள் வேண்டும், அதையும் மருத்துவர் எடைபார்த்துத் தர வேண்டும். பூச்சி மருந்தை ஊற்றிவிட்டு "சரியாகிவிடும்" என்று காத்திருக்கும் அந்த இரண்டு நாள்தான் குட்டியின் உயிரை எடுத்துக்கொள்கிறது.

வயிறு கெடத் தீனியும் காரணமாகிறது. சோறு, பிஸ்கட், ரொட்டி, அளவுக்கு மிஞ்சிய கேரட், வாழைப்பழம் ஆகியவை பெருங்குடல் பையில் தவறான நுண்ணுயிர்களைப் பெருக்கும். இன்னொன்றையும் பலர் நோய் என்று பயந்துவிடுகிறார்கள். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று உருண்டையான காய்ந்த புழுக்கை. மற்றொன்று சிறு திராட்சைக் கொத்துப் போலப் பளபளப்பான சளி பூசிய மென் புழுக்கை. இரண்டாவதை முயல் தன் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும். வைட்டமின்களையும் புரதத்தையும் இப்படித்தான் மீட்டுக்கொள்கிறது. உடல் பெருத்த முயலோ மாவுச்சத்து மிகுந்த தீனி தின்னும் முயலோ அதைத் தின்னாமல் விட்டால் கூண்டில் ஒட்டிக் கிடக்கும். அதற்கு மருந்து பூச்சி மருந்தல்ல, நார்ச்சத்துள்ள புல்.

வாதம் 2: "நாய்க்கும் ஆட்டுக்கும் கொடுப்பதுதானே, முயலுக்கு என்ன கேடு?"

மிகப் பெரிய ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்ற பெண்டசோல் வகை மருந்துகள் முயலின் எலும்பு மஜ்ஜையையும் குடல் உட்சவ்வையும் சிதைக்கக்கூடியவை. 2003 முதல் 2011 வரை இப்படிப் பாதிக்கப்பட்ட 13 முயல்களின் விவரத்தை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2014-ல் வெளியிட்டார்கள். மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. முயல் சோர்ந்து, தீனி மறுத்து, இரத்தம் கசிந்து சாகிறது. மருந்து கொடுத்த அன்றே தெரிவதில்லை என்பதால், மருந்தையும் மரணத்தையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதுமில்லை.

அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-ல் தொடங்கியதிலிருந்து, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்கு வழங்கும் அல்பெண்டசோல் மாத்திரை 400 மில்லிகிராம். வீட்டில் கிடக்கும் அதே மாத்திரையை இரண்டு கிலோ முயலுக்குக் கொடுத்தால் ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் ஆகிறது. இந்த வகை மருந்துகளுக்கு முயல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் நிற்கிறது. அதாவது பத்து மடங்கு. ஆட்டுக்கு ஊற்றும் 2.5 சதவீதத் திரவத்தில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து இருக்கும். "ஒரு மூடிதானே" என்று 5 மில்லியை அரைக் கிலோ குட்டிக்கு ஊற்றினால் கிலோவுக்கு 250 மில்லிகிராம் போய்விடும்.

நாய்க்கு உண்ணி, தெள்ளு போகத் தடவும் ஃபிப்ரோனிலை முயலுக்குத் தடவவே கூடாது. வலிப்பு வந்து சாகக்கூடும். பூச்சி மருந்துக்கு முன் "வெறும் வயிற்றில் வையுங்கள்" என்பதும் முயலுக்கு நஞ்சு. முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் பட்டினி போட்டாலே குடல் ஓட்டம் நின்றுவிடலாம், அதுவே உயிர்க்கொல்லி.

ஒரு மருந்து எல்லாவற்றுக்கும் ஆகும் என்பதும் பிழை. காதுச் சொறிக்கும் உடற்சொறிக்கும் மருத்துவர் போடும் ஐவர்மெக்டின் ஊசி ஊசிப்புழுவை ஒழிப்பதில்லை. நாடாப்புழு வகைக்கு வேண்டியது பிராசிகுவான்டெல். எது இருக்கிறது என்று தெரியாமல் எதைக் கொடுப்பது?

வாதம் 3: "இருக்கிறதோ இல்லையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது பாதுகாப்பு."

பிள்ளைகளுக்கு ஊர் முழுதும் மருந்து கொடுக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. மண் வழிப் பரவும் புழுக்கள் நூற்றுக்கு இருபது பிள்ளைகளிடமாவது இருக்கும் பகுதிகளில்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை பொது மருந்தைப் பரிந்துரைக்கிறது. நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் இருமுறை. கணக்கெடுப்பு முதலில், மருந்து பிறகு. அந்த மருந்து மனிதருக்குப் பாதுகாப்பானது என்பதும் உறுதியானது. முயலுக்கு இந்த இரண்டுமே இல்லை.

இங்கிலாந்தில் முயலுக்கென்றே ஃபென்பெண்டசோல் பசை விற்கிறார்களே என்பார்கள். உண்மைதான். அதன் முக்கிய வேலை என்செபாலிட்டோசூன் குனிகுலி என்னும் நுண்ணுயிரை எதிர்ப்பது. மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி, முயலின் தலையை ஒருபக்கம் சாய வைக்கும் நோய் அது. அதற்கான நாள்கணக்கை இங்கே குடற்புழுவுக்கான அட்டவணையாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

தேவையின்றித் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு மருந்துக்கு அடங்காமல் போகும். தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளில் இது நடந்திருப்பதைக் கால்நடை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு புழுவும் இல்லாத முயலுக்கு ஆண்டுக்கு நான்கு முறை மஜ்ஜையைப் பணயம் வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

வாதம் 4: "இங்கிலீஷ் மருந்து வேண்டாம், நாட்டு மருந்து கொடுங்கள், கெடுதல் இல்லை."

பூண்டும் வெங்காயமும் முயலின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அவற்றைக் கொடுப்பது நேர்க் கேடு. வேப்பிலை, பப்பாளி விதை, பூசணி விதை ஆகியவை முயலின் குடலிலிருந்து புழுவை நம்பகமாக வெளியேற்றும் என்று சொல்ல நிரூபணமில்லை. எந்த அளவு கெடுக்காது என்பதற்கும் இல்லை. நம் முன்னோரின் மருந்தறிவை மதிக்கிறேன். அந்த அறிவு ஆட்டையும் மாட்டையும் மனிதரையும் பார்த்துப் பழகி வந்தது. கூண்டில் வளரும் சீமை முயல் அந்த அனுபவத்துக்குள் இருந்ததில்லை.

வாதம் 5: "முயலுக்குப் பூச்சி இருந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்."

முயலின் ஊசிப்புழு மனிதருக்குத் தொற்றாது. பிள்ளைகளுக்கு வரும் கீரிப்பூச்சி வேறு இனம். பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு, நகக்கண் வழியாகவும் படுக்கை வழியாகவும் பரவுவது. முயலின் எய்மீரியாவும் மனிதரைத் தாக்காது. முயலைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது நல்ல பழக்கம், அதை விடக் கூடாது. ஆனால் இந்த அச்சத்தில் பூச்சி மருந்தை ஊற்றுவதும், முயலைத் தெருவில் விட்டுவிடுவதும் அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

வாதம் 6: "வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, எதுவும் வராது."

இது மறுபக்கத்துப் பிழை. முயல் வெளியே போகாவிட்டாலும் புல் வெளியிலிருந்து வருகிறது. நாய் கழித்த இடத்துப் புல்லில் நாய் நாடாப்புழுவின் முட்டை இருக்கலாம். அதைத் தின்ற முயலின் வயிற்றறையில் நீர்க்கட்டிகள் உருவாகும். முயலின் குடலையும் ஈரலையும் நாய் தின்றால் வட்டம் முழுமையாகிறது. ஆகவே கறிக்காக முயல் வளர்ப்பவர்கள் கழிவை நாய்க்கு எறியாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். நீர் தேங்கிய வாய்க்கால் ஓரப் புல்லில் ஒட்டியிருக்கும் தட்டைப்புழு முயலையும் பிடிக்கும். சம்பா வயல் வரப்பில் அறுத்த புல்லில் பூச்சிக்கொல்லியும் இருக்கக்கூடும்.

சரி, என்னதான் செய்வது?

புழுக்கையைப் பரிசோதியுங்கள். குட்டி வாங்கிய வாரத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ, வயிறு கெட்டால் உடனே. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் சேகரித்த புழுக்கையைச் சுத்தமான மூடிய டப்பாவில் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி வைத்தால் முட்டைகள் மேலே மிதக்கும். நுண்ணோக்கியில் ஊசிப்புழு முட்டையும் காக்சிடியாவும் தனித்தனியே தெரிந்துவிடும். நுண்ணோக்கி உள்ள எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் செய்யக்கூடிய எளிய சோதனை இது. சிக்கலான நோய் என்றால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கூண்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். காக்சிடியா முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் இரண்டிலிருந்து நான்கு நாளில்தான் தொற்றும் நிலைக்கு முதிரும். அதற்குள் புழுக்கையை அப்புறப்படுத்திவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். எந்தக் குப்பியும் செய்யாத வேலை இது. வழக்கமான கிருமிநாசினிக்கு அந்த முட்டை சாகாது. கொதிநீருக்கும் நல்ல வெயிலுக்கும் சாகும். கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, புழுக்கை கீழே விழும்படி கம்பி வலை போட்டு, முயல் கால் வைத்து ஓய்வெடுக்க ஒரு பலகையும் வையுங்கள். தண்ணீரும் தீனியும் தரையில் வேண்டாம், புல்லைக் கூண்டின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடைக்காத நாட்களில் இதில் ஒரு நாளும் தவறக் கூடாது.

தீனியைத் தேர்ந்தெடுங்கள். முயல் மசால், வேலிமசால், அகத்தி, அருகம்புல் ஆகியவற்றை நாய் நடமாடாத, நீர் தேங்காத இடத்திலிருந்து அறுத்து, அலசி, வாடவிட்டுக் கொடுங்கள். வீட்டுத் தோட்டத்திலோ மாடியிலோ ஒரு பாத்தி வளர்த்தால் இன்னும் நல்லது. புதுக் குட்டியைப் பழைய முயல்களோடு உடனே சேர்க்காமல் மூன்று வாரமாவது தனியே வையுங்கள்.

சோதனையில் ஊசிப்புழு தெரிந்து, மருத்துவர் மருந்து எழுதினால் தயங்காமல் கொடுங்கள். எடை போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, அவர் சொன்ன நாளில் இரண்டாம் முறையும் கொடுங்கள். மருந்தோடு கூண்டையும் சுத்தம் செய்யாவிட்டால், முயல் முட்டையை மறுபடி விழுங்கிவிடும்.

மழைக்காலத்தில் முயலின் பின்பக்கத்தைத் தினமும் தூக்கிப் பாருங்கள். கழிச்சலால் நனைந்த மயிரில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துச் சதையைத் தின்னத் தொடங்கும். குடற்புழு மருந்து இதற்கு உதவாது. மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனை முயல் மேல் ஊற்றாதீர்கள். அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

முயல் வலியை மறைக்கும் பிராணி. தீனி மறுப்பதும் மூலையில் ஒடுங்குவதும்தான் அதன் முறையீடு. அதைக் கேட்டவுடன் மருந்துக் கடைக்குப் போகாமல், புழுக்கையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். குட்டி விற்பவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் இந்த ஒரு வரியை மாற்றிச் சொன்னால் போதும்: "பூச்சி மருந்து ஊத்துங்க" என்பதற்குப் பதில் "புழுக்கையைக் காட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.