கடற்கரை விளக்கும் கரிமூட்டையும்

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து தென்வானத்துக்கு மவுசு கூடிவிட்டது. இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே ஏவலாம் என்பதுதான் அந்த இடத்தின் பெருமை. நல்ல செய்தி. ஆனால் இந்த வாரம் மனசைக் குடைவது, பக்கத்துக் காயல்பட்டினம் கடற்கரையில் கண்ணைக் குத்தும் வெள்ளை எல்இடி வெளிச்சம். மறுபடியும் விளக்கா என்பார்கள் இந்தப் பத்தியின் பழைய வாசகர்கள். மறுபடியும் விளக்குதான்.

தென்சிலுவையை ஒட்டிப் பால்வழியில் ஒரு கறுப்புத் திட்டு உண்டு. ‘கோல்சாக்’, அதாவது கரிமூட்டை. சுமார் 600 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் தூசிமேகம். டெல்லியில் அது தொடுவானத்தைத் தாண்டி எழுவதே அரிது. காயல்பட்டினத்திலோ ஏப்ரல் அமாவாசையில் கடல்மேல் எழுந்து, நள்ளிரவை ஒட்டித் திருச்செந்தூர்த் திசையில் ஒரு சாண் உயரத்தில் நிற்கும். கையை நீட்டி அளந்து பார்க்கலாம்.

முக்காலி, அகலக் கோண லென்ஸ், 15 விநாடி வீதம் நூறு படம். அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும். ஆனால் இருட்டைத் தனியாகப் படம் பிடிக்க முடியாது. பின்னால் பொடிப்பொடியாகச் சிதறிய நட்சத்திரங்கள் பதிந்தால்தான் தூசிக்கு விளிம்பு கிடைக்கும். வானம் வெளுத்தால் அந்தப் பொடி மறையும், கரிமூட்டையும் மறையும். லென்ஸில் படியும் உப்பைத் துணியால் துடைத்துவிடலாம். வானத்தில் பூசிய வெளிச்சத்தை எதால் துடைப்பது?

இந்த இருட்டுகளுக்குக் கணக்கு எழுதியவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். 1857இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பிறந்த ஏழைப் பிள்ளை. பிறக்கும் முன்பே அப்பா இல்லை. ஒன்பது வயதில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலை. படத்தைப் பெரிதாக்கும் கருவி சூரிய வெளிச்சத்தில் இயங்கும் காலம் அது. சூரியன் நகர நகர அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற பையன்கள் தூங்கி வழிந்த வேலையில் இவன் நிலைத்து நின்றான். பின்னாளில் மணிக்கணக்காகத் தொலைநோக்கியை நட்சத்திரத்தோடு நகர்த்திய கை அங்கே பழகியதுதான். 1919இல் 182 கருந்திட்டுகளைப் பட்டியலிட்டார். தன் வானப்பட நூலுக்கு அசல் புகைப்படத் தாளிலேயே படிகள் போடச் சொல்லி, 35,000க்கும் மேற்பட்ட படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூல் வெளியானது 1927இல். அவர் 1923இலேயே இறந்துவிட்டார்.

லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் வந்ததும் ஊர் விளக்குகளுக்கு மறைப்பு போட்டார்கள். இங்கேயும் கேட்பது அவ்வளவுதான்: விளக்குக்கு ஒரு தொப்பி, கொஞ்சம் மஞ்சள் நிறம்.

கருந்திட்டுகள் வானத்தின் ஓட்டைகளா, மறைக்கும் பொருளா என்று பர்னார்ட் பல வருஷம் தடுமாறினார். 1913 கோடையில் ஓர் இரவு, பால்வழியின் குறுக்கே சின்ன மேகத் துணுக்குகள் போவதைக் கண்டார். மைத்துளி போல அத்தனை கறுப்பு. எதிரில் நிற்கும் பொருள்தான் என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது அப்போதுதான். அதே மேகம் இன்று காயல்பட்டினம் கடற்கரைமேல் போனால் வெள்ளையாகத் தெரியும். கீழேயிருந்து விளக்கு அடிக்கிறது.