மருத்துவக் கல்லூரிக்கு உரைகல் எது?

ஈராண்டுகளுக்கு முன்னர், கலந்தாய்வுக் காலத்தில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தம் பேத்தியுடன் என் இல்லம் வந்தார். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, நீட் தேர்விலும் வென்ற பெண் அவள். எந்தக் கல்லூரியைத் தெரிவு செய்வது என்பதே அவர் வினா. கட்டட வசதி, தரவரிசை, தேர்ச்சி விழுக்காடு என நான் அறிந்தவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். அமைதியாகக் கேட்டவர், "அதெல்லாம் சரி தம்பி, புள்ள அழுதா அங்க யாரு கேப்பாங்க?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பனவே அந்நான்கு. அருகிருந்து பேணுபவர் நோயாளிக்கு மட்டுமன்றி, மருத்துவராக வளரும் மாணவருக்கும் இன்றியமையாதவர் என்பது என் துணிபு.

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடமளிக்கும் சட்டம் 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. அது வாயிலைத் திறந்துவிட்டது. ஆயின், உள்ளே நுழைந்தவரை எதிர்கொள்வது ஆங்கில நூல்களின் மலை. பெரியவரின் பேத்தி உடற்கூறியலின் முதல் உள்தேர்வில் தோற்றாள். வகுப்பில் ஐயம் கேட்டபோது, "இதுகூடத் தெரியாமல் ஏன் வந்தாய்?" என ஆசிரியர் ஒருவர் பலர் முன்னிலையில் வினவினாராம். அதன்பின் அவள் ஐயம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். வீட்டாரிடமும் மறைத்தாள். விடுதியில் மூத்த மாணவி ஒருத்தி இரவுதோறும் உடனமர்ந்து பாடங்களைத் தமிழில் விளக்கினாள். அந்த அக்காவால்தான் அவள் முதலாண்டைக் கடந்தாள்.

மூத்தோர் யாவரும் அத்தகையோர் அல்லர். 1996ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்ட கொடுமையை நாடு மறக்கவில்லை. பகடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1997இல் தமிழ்நாட்டில் வந்தது. சட்டம் கையைக் கட்டும். நெஞ்சைத் திருத்துவது கல்லூரியின் பண்பாடே.

'மருத்துவப் படிப்பு கடினமானது. கடுமையில்தான் உறுதி பிறக்கும்' என்பார் உளர். பாடம் கடினமாய் இருப்பது வேறு, மனிதர் கடுமையாய் இருப்பது வேறு. இழிவுபடுத்தப்பட்ட மாணவர் தம் அறியாமையை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். இலக்கிய வகுப்பில் மறைத்த அறியாமை மதிப்பெண்ணைக் குறைக்கும். நோயாளியின் படுக்கையருகே மறைத்த அறியாமை உயிரைக் குடிக்கும். ஆதலின் ஆசிரியரின் பரிவு சலுகையன்று. நோயாளிக்குச் செய்யும் காப்பு.

புறநோயாளர் கூட்டத்திற்கும் வகுப்பறைக்கும் இடையே அலையும் மருத்துவப் பேராசிரியர்களின் சுமையை நாம் அறியாதவரல்லோம். எனினும் வழியில்லாமல் இல்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே ஆசிரியர் குடும்பங்கள் மாணவர்களுக்கு வளர்ப்புப் பெற்றோராய் அமையும் மரபு உண்டு. அம்மரபுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒருவேளை உணவும், சிறிது நேரமும், திறந்த கதவும் போதும்.

எனவே, பெற்றோரே, கல்லூரியைக் காணச் செல்லும்போது அங்குள்ள மாணவரைத் தனியே அழைத்து மூன்று வினாக்கள் கேளுங்கள். தேர்வில் தோற்றவருக்கு மீண்டும் கற்பிப்பவர் யார்? நள்ளிரவில் மனமுடைந்தவர் எந்த ஆசிரியரை அழைக்கலாம்? மூத்த மாணவர் புதியவருக்குத் தம் குறிப்பேட்டைத் தருவரா? இவற்றுக்கு உடனே பெயர் சொல்லி விடையளிக்க முடியுமாயின், அதுவே நல்ல கல்லூரி.

இவ்வினாக்களை நம் கல்லூரியை நோக்கியும் எழுப்புதல் வேண்டும். என் வகுப்பில் கடைசி இருக்கையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவர் அழுதால் கேட்பவர் யார்? பெரியவருக்கு அன்று சொல்லாத விடையை, முதலில் நான் என் வகுப்பறையில் தேட வேண்டியிருக்கிறது.