அரைவாசித் தூரம், நாலு மடங்கு விசை



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, வாலிபர் கூட்டத்துத் தம்பி ஒருவர் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். படபடவென்று சத்தம், தலைமயிர் குத்திட்டு நின்றது. பக்கத்தில் நின்றவரைத் தொட்டதும் இரண்டு பேரும் துள்ளினார்கள். "அக்கா, இது ஏன் குளிர்காலத்தில் மட்டும்?" என்று கேட்டார்.

எல்லாப் பொருளிலும் நேரேற்றமும் மறையேற்றமும் இருக்கின்றன. சம அளவில் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. இரண்டு துணிகள் உரசினால் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சில இலத்திரன்கள் போய்விடும், சமநிலை குழம்பும். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், ஒவ்வாதவை இழுக்கும். ஒவ்வொரு மயிரும் ஒரே வகை ஏற்றம் பெற்றதால்தான் விலகி நிமிர்ந்தன. யாழ்ப்பாணத்து ஈரக்காற்றில், பருத்தித் துணியில், இந்த ஏற்றம் தங்காமல் கசிந்துவிடும். ஹீட்டர் போட்டு உலர்ந்த பாரிஸ் வீட்டில் அது உடம்பில் சேர்ந்து நிற்கும். தொட்டவுடன் பாயும். அதுதான் ஷொக்.

இந்தத் தள்ளும் விசையை அளந்தவர் நம்முடைய நகரத்தில்தான் அதை அறிவித்தார். அவர் பெயர் சார்ள்ஸ் கூலோம், இராணுவப் பொறியியலாளர். ஈபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு சிறு தண்டைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் நெட்டிப் பந்து ஒன்றை வைத்தார். அதற்கும் பக்கத்தில் நின்ற மற்றொரு பந்துக்கும் ஒரே ஏற்றம் கொடுத்தார். பந்துகள் விலகின, கம்பி எவ்வளவு முறுகியது என்று பார்த்தார். 1785 இல் அவர் சொன்ன கணக்கு இது: பந்துகள் 36 பாகை விலகி நின்றபோது விசை 36, 18 பாகைக்கு நெருக்கியபோது 144, எட்டரைப் பாகையில் 575½. தூரம் அரைவாசியானால் விசை இரட்டிக்கவில்லை, நாலு மடங்காகியது. தூரம் கூடினால் அதே வேகத்தில் குறையும். ஆனாலும் முற்றாக இல்லாமல் போவதில்லை.

தாதியாகிய எனக்கு அவரைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் நோத்ர் டாம் பக்கத்து ஒத்தெல் தியூ ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் பல நோயாளர் படுத்திருந்தார்கள். அதைத் திருத்த விஞ்ஞானக் கழகம் அமைத்த குழுவில் கூலோமும் இருந்தார். 1787 இல் அவரும் மருத்துவர் தெனோனும் இங்கிலாந்து போய் ஆஸ்பத்திரிகளைப் பார்த்து வந்தார்கள். 20ஆம் வட்டாரத்துத் தெனோன் ஆஸ்பத்திரி அந்த மருத்துவரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. காற்றும் வெளிச்சமும் வர, தனித்தனிக் கட்டடங்களாக வாட்டுகளைக் கட்டவேண்டும் என்று குழு சொன்னது. நாம் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும்போது காணும் லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரி, 1854 இல் திறக்கப்பட்டது, அந்த முறையில் கட்டியதுதான்.

முந்தின மாதம் என் வாட்டில் நம்முடைய அம்மம்மா ஒருவர் இருந்தார். பிள்ளைகள் நாள்தோறும் போன் எடுப்பார்கள். அவர் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பார். ஒரு மாலை பேரன் வந்து கையைப் பிடித்தான். "ஐயோ, ஷொக் அடிக்குது ராசா!" என்று சிரித்தார். மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் சூப் முழுவதையும் குடித்தார்.

மனிதருக்குக் கூலோமின் விதி பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. போன் அழைப்பும் வீண் இல்லை. ஆனால் கட்டிலருகே வந்து உட்காருவதற்கு அது ஈடாகாது. இதை நான் ஒவ்வொரு இரவு வேலையிலும் காண்கிறேன். உங்கள் வீட்டிலோ சபையிலோ ஆஸ்பத்திரியில் இருப்பவர் யார்? இந்தக் கிழமை ஒருவரைப் போய்ப் பாருங்கள். ஷொக்குக்குப் பயமென்றால், திறப்பைக் கையில் இறுக்கிப் பிடித்து, அதன் நுனியால் முதலில் ஒரு இரும்புக் கதவைத் தொடுங்கள். ஏற்றம் நோகாமல் போய்விடும். பிறகு கையைக் கழுவிவிட்டு, அவர்களுடைய கையைப் பிடியுங்கள்.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த இதழில் சந்திப்போம்.

உங்கள் தாதி அக்கா